கூடத்தில் நின்ற பூநாரை

22 டிசம்பர் 1946, ஞாயிறு இரவு

அடையாற்றுக் கழிமுகத்துக்கு இந்த வருஷம் இரண்டே பூநாரைகள் வந்தன. ஒன்றை எதிர்வீட்டு வக்கீல் சுட்டு, வைக்கோல் அடைக்கச் செய்து, கூடத்தில் நிறுத்திவிட்டார். மனைவியிடம் கடையில் வாங்கிய பொம்மை என்று சொல்லியிருந்தார்.

இன்று காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “ஜோடியில்லாம மூளியா இருக்கு, ஓய். சாயங்காலம் போய் இன்னொண்ணையும் அடிச்சுண்டு வந்துடறேன்.”

இவரை வயிற்றில்தான் அடிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மாமி காபி கொண்டுவந்தாள். நான் எழுந்து நின்று, தாழ்ந்த குரலில் துக்கம் விசாரித்தேன்.

“பிரேதத்தை எப்போ எடுக்கறா, மாமி?”

“எந்தப் பிரேதம்?”

பறவையைக் காட்டினேன். “மாமா கையாலேயே போன உசிரு.”

மாமி கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள்.

“ஏன்னா! ஆத்துல பிணத்தை வெச்சுண்டா என்னை அடுப்பு மூட்டச் சொன்னேள்?”

உள்ளே அடுப்பில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வக்கீல் பட்டினியோடு கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கி பரணில் ஏறிவிட்டது. தீட்டுக்காரர் அதைத் தொடக்கூடாதாம்.

எனக்கு இது போதவில்லை. மிஞ்சிய பூநாரை மாசியில்தான் திரும்பிப் போகும். தீட்டை அதுவரை நீட்டச் சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று நாளை புரட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டாலும் மாமியிடம் உண்டு என்றுதான் சொல்வேன்.