பேர் சொல்லிக் கேளுங்கள்

வேலூர்
21.4.2024, ஞாயிறு

அன்புள்ள மோகனா அண்ணிக்கு,

போனிலேயே பேசலாம்தான். ஆனால் நீங்கள் எடுத்ததுமே அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார். அதனால் உங்கள் தம்பியைத் தபால்காரர் ஆக்கிவிட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு இன்றைக்கு லீவு, அவருக்கும் பொழுது போகட்டும்.

பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இதயத்தில் பாதிதான் வேலை செய்கிறது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இது அதைச் சரி செய்கிற ஆபரேஷன் இல்லையாம். சின்னதாக ஒரு குழாய் வைத்து நுரையீரலுக்கு ரத்தம் போக வழி செய்வார்கள். ஆறு மாதத்தில் இன்னொன்று, இரண்டு மூன்று வயதில் இன்னொன்று. "அப்புறமும் முழு இதயம் ஆகாதும்மா" என்றார். ஆகாவிட்டால் போகட்டும், செய்யுங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. அதற்கு முன்னால் அவளுக்குப் பேர் வைக்க வேண்டும். அப்பாவோடு பிறந்தவள்தானே குழந்தையின் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும்? அது நீங்கள்தான். பிறந்து ஒரு மாதம் ஆகியும் கட்டில் அட்டையில் 'தீபலட்சுமியின் குழந்தை' என்றே இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்
தீபா


குடியாத்தம்
24.4.2024

அன்பு தீபாவுக்கு,

தறியை நிறுத்திவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். நான் வரவில்லை.

"முதல்ல புள்ள நிக்கட்டும், பேரு இன்னா அவசரம்?" என்கிறார் அம்மா. அம்மா மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன். எனக்கே பயமாக இருக்கிறது. என் பையனுக்குப் பதினாறாம் நாளே ஆசை ஆசையாகப் பேர் வைத்தோம். மூன்று மாதத்தில் போய்விட்டான். அந்தப் பேர் மட்டும் போக மாட்டேன் என்கிறது. பக்கத்துத் தெருவில் யாராவது "மதி, சாப்பிட வாடா" என்று கூப்பிட்டால் இன்னும் என் கால் வாசலுக்குப் போகிறது.

உனக்கு அது வேண்டாம். பேர் இல்லாமல் போனால் கொஞ்சம் சீக்கிரமாக ஆறும். அந்தப் பிஞ்சை அறுத்துத் தைப்பானேன் என்றும் தோன்றுகிறது. வீட்டுக்குத் தூக்கி வந்துவிடு, இருக்கிற வரைக்கும் மடியில் வைத்துப் பார்த்துக்கொள்வோம்.

கோபித்துக்கொள்ளாதே.

மோகனா


வேலூர்
28.4.2024, ஞாயிறு

அண்ணி,

'அன்புள்ள' என்று எழுத இன்று கை வரவில்லை.

அறுத்துத் தைப்பானேன் என்று கேட்டிருந்தீர்கள். வெட்டுப்பட்ட தலையை உடம்போடு சேர்த்து வைத்துத்தானே வைகாசியில் நம் ஊரே கெங்கையம்மனைக் கும்பிடுகிறது? ஒட்டுப் போட்டு நின்றால் அவள் அம்மன், என் பெண் மட்டும் மடியில் கிடந்து சாக வேண்டுமா?

வெள்ளிக்கிழமை காலை தியேட்டர் வாசலில் மெர்சி சிஸ்டர், "இன்னும் பேர் வெக்கலியா? ஜாஸ்தி டைம் இல்லம்மா" என்றார். பேர் சொல்ல வேண்டியவர் வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நானே குனிந்து காதில் சொன்னேன். கெங்கா. ஒரு தடவைதான் சொல்ல முடிந்தது, அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் கெங்கா வெளியே வந்தாள். உடம்பெல்லாம் ஒயரும் குழாயும். உதட்டில் நீலம் முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. எனக்கு அது போதும். எதற்கும் இரண்டு பக்கமும் தலையாட்டும் உங்கள் தம்பி, நான் சொல்லாமலே அட்டையில் அவள் பேரை எழுதினார்.

இவள் போனாலும் கெங்காவாகத்தான் போவாள். அப்புறம் எந்தத் தெருவில் யார் அந்தப் பேரைக் கூப்பிட்டாலும் நானும் வாசலுக்கு ஓடிவிட்டுப் போகிறேன். பேர் இல்லையென்றால் நான் பெற்றது இல்லை என்று ஆகிவிடுமா?

தீபலட்சுமி


குடியாத்தம்
3.5.2024

தீபா,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டார். நான் போகவில்லை, இன்னொரு தடவை படித்தேன். மதிக்குப் பேர் வைத்தது தப்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை வேலூர் வருகிறேன். குழந்தையைப் பார்க்க விடுவாயா? ஏணை கட்ட மெல்லிசாக ஒரு துணி நெய்து வைத்திருக்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிட மட்டும் என்னைக் கட்டாயப்படுத்தாதே, வாய் வராது. பாப்பா என்றே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

மோகனா


வேலூர்
5.5.2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

வாருங்கள். என் கோபம் போகவில்லை, அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும். கெங்கா வார்டுக்கு வந்துவிட்டாள். பாலாடையில் குடிக்கிறாள், பால் கொஞ்சம் தாமதமானால் வார்டையே பேஜார் பண்ணுகிறாள். அடுத்த ஆபரேஷனுக்கும் நான் தயார். அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயம். வார்டு வாசலில் மக்பூல் பாய் என்று ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். எந்தக் குழந்தையைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார். 'தீபலட்சுமியின் குழந்தை' என்று இங்கே இப்போது யாரும் இல்லை. பாப்பா என்று சொன்னால், உள்ளே இருப்பதெல்லாம் பாப்பாதான் என்று உங்களை வெளியிலேயே உட்கார வைத்துவிடுவார். பேர் சொன்னால்தான் விடுவார். அவருக்குக் காது வேறு மந்தம். சத்தமாக, எப்படியும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

வாசலை ஒட்டித்தான் எங்கள் கட்டில். அவள் காதில் விழும்.

உங்கள்
தீபா