கௌசியின் மூன்றாவது நோட்டு

என் கௌசி,

ஒரு வருடம் தாமதமாக எழுதுகிறேன். நீ இருந்தால் "இதுக்கும் லேட்டா, தங்கச்சி?" என்றுதான் முதலில் கேட்பாய். வகுப்பில் என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதற்காக நீயே எடுத்துக்கொண்ட உரிமை அது. இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா ஊருக்குப் போய்விட்டார். மண்டபம் அகதிகள் முகாமில் முப்பது வருடத்துக்குமேல் இருந்தவர், இருந்ததையெல்லாம் மூன்று பைகளில் அடைத்துக்கொண்டு, மன்னாரில் தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அதில் ஒரு பை முழுக்க உன் புத்தகங்களும் ஆராய்ச்சி நோட்டுகளும். நோட்டுகள் நாலு. மூன்றாவதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த நோட்டைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

முனைவர் பட்டத்துக்குப் பயண நாவல்களை எடுத்திருக்கிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன், நினைவிருக்கிறதா? முகாமில் பெயர் கூப்பிடும் நாளில் நீ அங்கே நின்றாக வேண்டும். மதுரையைத் தாண்டி ஓர் ஊரையும் நீ பார்த்ததில்லை. "அதுனாலதான்டி எழுதுறேன். ஊர் சுத்துறவளுக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்றாய். மலையேறுகிறவன், கடல் கடக்கிறவன், வீட்டில் சொல்லாமல் ரயிலேறுகிறவள் என்று ஒவ்வொரு கதையாகப் படித்தாய். எல்லாரும் கடைசிப் பக்கத்தில் தங்களைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள், என்ன சௌகரியம் என்று நான் கேலி செய்தேன்.

நீ கோபப்படவில்லை. "கண்டுபிடிக்கிறது வழியில இல்லடி. திரும்பி வந்து கதவத் தட்டுறப்பத்தான். 'என்னடி, ஆளே மாறிட்டே'ன்னு சொல்ல உள்ள ஒருத்தர் வேணும். இல்லேன்னா அது வெறும் அலைச்சல்." இந்த வாதம்தான் அந்த மூன்றாவது நோட்டு.

டைப் அடித்துத் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கி வந்தேன். அந்த மாதமே நாள் தள்ளிப்போனது. வாந்தி, ஸ்கேன், ஆஸ்பத்திரி, பிறகு பாப்பா. பிறந்தபிறகு அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதே என் முழுநேர வேலையாகிவிட்டது. நீ போன் செய்வாய்.

"எத்தனாவது பக்கம்?"

"நாப்பது."

நாற்பதும் இல்லை, நாலும் இல்லை. ஒரு வரிகூட அடிக்கவில்லை, கௌசி. நீ அவசரப்படுத்தவும் இல்லை. "பிள்ளையப் பாரு மொதல்ல" என்று வைத்துவிடுவாய்.

ஒரு வாரக் காய்ச்சலில் நீ போனபோது பாப்பாவுக்கு மூன்று மாதம். "கைப்பிள்ளைக்காரி துட்டி வீட்டுப் பக்கம் போகக் கூடாதுத்தா, பிள்ளைக்கு ஆகாது" என்றார் மாமியார். நான் படித்தவள், எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் தடுத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் அல்லவா? நோட்டை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அதன்பிறகு திறக்கவே இல்லை.

போன வாரம் உன் அம்மா பேசினார். "நாளைண்டைக்கு வெளிக்கிடுறன், பிள்ளை. அவளின்ர கொப்பி ஒண்டு உன்னட்ட இருக்காம்."

மறுநாள் காலை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பரமக்குடியில் ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு வடநாட்டு அம்மா. காசியிலிருந்து கங்கை நீர் கொண்டு வருகிறார், வாய் அடைத்த செம்பு. அவர் மடியில் செம்பு, என் மடியில் பாப்பா. ராமநாதபுரம் தாண்டிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கொடுத்துவிட்டால் கையிலிருக்கும் நோட்டுக்கு வேறு பிரதி இல்லை. போனை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். பஸ் குலுங்கியது, காற்றில் தாள் புரண்டது, பாப்பா போனைத் தட்டிவிட்டாள். உச்சிப்புளியில் என் மேலேயே வாந்தி எடுத்தாள். மொத்தம் பதினோரு பக்கம். படிக்கத் தெரிவது நாலு.

அந்த நாலில் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: "மகாவிடம் கேட்க வேண்டும். திரும்பி வந்து தட்ட ஒரு கதவு இல்லாதவளுக்குக் கதை எங்கே முடியும்?" நீ என்னிடம் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் மட்டும் எனக்கு என்ன தெரிந்திருக்கும்?

மண்டபத்தில் இறங்கியதும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். "கரன்ட் இல்லக்கா. சாயங்காலம்தான் வரும்" என்றார் கடைக்காரர்.

சாமான் எல்லாம் போய் வெறும் சுவராக நின்ற உங்கள் முகாம் அறையில், உன் அம்மா பாப்பாவை வாங்கி முகம் கழுவிவிட்டார், சட்டை மாற்றினார். பிறகு, நான் பயந்துகொண்டே இருந்ததைக் கேட்டார்.

"டைப் பண்ணி முடிஞ்சுதோ? கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவள். மகா பாதி அடிச்சிட்டாள், என்ர புத்தகம் வரும் எண்டு."

இல்லை என்று சொல்லியிருந்தால் சாயங்காலம்வரை நோட்டைக் கேட்டு வாங்கி ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். அவ்வளவுதான் வேலை. நான், "முடிஞ்சிருச்சும்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோட்டு பைக்குள் போனது.

துட்டி வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. உன் சாவுக்கு வராதவள், ஒரு வருடம் கழித்து வந்தாலும் எனக்கு அது துட்டி வீடுதான். பேசாமல் எழுந்து நடக்க வேண்டும். தெரிந்திருந்தும், வாசலில் நின்று, பழக்கத்தில், "போயிட்டு வாரேம்மா" என்றுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வாயில் கை வைத்து, "ஐயோ, என்ன சொல்லு சொல்லிப்புட்டா இவ!" என்றார்.

அம்மா சிரித்தார். "வாவன் பிள்ளை. எங்க எண்டு வருவாய்?"

பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். "பிள்ள ஏன் வேற சட்டையில இருக்கு?" என்றார் மாமியார். என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. பொய்யோடு போனேன், இன்னொரு பொய்யோடு வந்தேன். மற்றபடி அதே ஆள்தான். நீ படித்த கதைகளில் இப்படித் திரும்பியவள் யாராவது உண்டா?

பாப்பா மதியம் தூங்கும்போது உட்கார்ந்து அந்த நாலு பக்கத்தையும் டைப் அடித்துவிட்டேன். இரண்டு மதியம் ஆனது, கௌசி. இரண்டே மதியம்.

அம்மாவின் இந்திய எண் அணைந்து கிடக்கிறது. அங்கே போய்ப் புது நம்பரிலிருந்து கூப்பிடுகிறேன் என்றார். ஆறு நாள் ஆகிறது. கூப்பிடுவார் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. கூப்பிட்டால், சுகமா என்று கேட்பதற்கு முன்பே, "அம்மா, நான் அடிக்கவே இல்ல" என்று சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிடாமல் போகலாம். போனாலும் சொல்கிறேன்.

உன் தங்கச்சி,
மகா