பனியன் பாடம்

சேவூர்,
12.6.2024

அன்புள்ள ரோஸ்மேரி,

என் போன் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். பனியன் கம்பெனி வேலை முடிந்து நீ நடத்தும் மாலை வகுப்பு நிற்கவில்லை என்று உன் கம்பெனியில் வேலை செய்யும் நிர்மலா அக்கா சொன்னார். சந்தோஷம்.

ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு பொதுப் பாடத்தொகுப்பு வைத்திருக்கிறோம். யாரும் பாடம் தரலாம், எடுத்து நடத்தலாம், தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றலாம். ஒடியா பேசும் பிள்ளைகள் முன்னால் ஒரு பனியனை விரித்து, கை, கழுத்து, தோள், முதுகு என்று தமிழ் சொல்லிக்கொடுத்தாயே, அந்தப் பாடம் அதில் வர வேண்டும். நடத்துகிறபடியே எழுதினால் போதும்.

உன் மைதிலி

திருப்பூர்,
24.6.2024

மைதிலிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

ஆறு வருடத்துக்கு முன் கோவை ஆசிரியர் பயிற்சி முகாமில் அதே பாடத்தை உன்னுடையது என்று நடத்திக் காட்டினாய். மாலை வகுப்பு நடத்துகிறவர்களையும் அழைத்திருந்ததால் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். பேச்சை நிறுத்தியது அதனால்தான். இப்போது எல்லோருக்கும் பொது என்கிறாய். மறுபடியும் என் பெயர் காணாமல் போகுமா?

ரோஸ்மேரி

சேவூர்,
30.6.2024

அன்புள்ள ரோஸ்மேரி,

அன்று அதிகாரி, "இது நீங்க செஞ்சதுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். பத்தாவது படித்த தையல்காரப் பெண் செய்தது என்றால் மதிக்க மாட்டார்கள் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கைதட்டல் பிடித்திருந்தது. மன்னித்துவிடு.

இந்தத் தொகுப்பில் யார் எழுதினார், யார் எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் பாடத்தின் கீழே பதிவாகும். மாற்றுகிறவர் முதலில் எழுதியவர் பெயரை எடுக்கக் கூடாது. பாடத்தை என் வழியாக அனுப்ப வேண்டாம். உன் பெயரில் பதிவுசெய்து நீயே இணையத்தில் ஏற்று. எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். படம் வைத்தால் பிள்ளைகள் முகம் தெரிய வேண்டாம். இரண்டு பேர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். அதில் நான் இருக்க மாட்டேன்.

மைதிலி

திருப்பூர்,
19.7.2024

அன்புள்ள மைதிலி,

பாடம் நேற்று தொகுப்பில் வந்துவிட்டது. சபிதா என்ற பிள்ளை என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "டீச்சர், இது நீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னேன்.

தொகுப்பில் நீ எழுதியதையும் படித்தேன். மழைப் பாடத்தில் 'மாரி' என்று வருகிறது. புதிதாகத் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு அது ஏன்? 'மழை' என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உன் இஷ்டம்.

அந்த முகாமை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாகச் சொல்லவும் வரவில்லை. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து பத்தரைக்கு வீட்டில் இருப்பேன். சாப்பிட்டுவிட்டு வராதே.

உன் ரோஸ்மேரி