நீ மாற்றாமல் விட்ட சொம்பு

காலையில் புளி போட்டுச் சொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈரப் பித்தளையும் புளியும் சேர்ந்த வாடை எழுந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இந்த வாடையே ஆகாது. "மூக்கைத் தொளைக்குதுடி, ஒரு எவர்சில்வரை வாங்கித் தொலையேன்" என்பாய். நான் வாங்கவில்லை. இந்தச் சொம்பு ஒரு பக்கம் நசுங்கியது. நசுங்கிய பக்கத்தில் போனைச் சாய்த்தால் சரியாமல் நிற்கும். அதற்காகவே வைத்திருந்தேன். இப்போது அதற்கு அந்த வேலை இல்லை. இருந்தும் தேய்க்கிறேன்.

கல்லூரியில் மூன்று வருடமும் ஒரே பெஞ்சு நமக்கு. எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைக்கார மாப்பிள்ளை அமைந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் என் அதிர்ஷ்டத்தைப் பற்றியே பேசினார்கள். நீ மட்டும் என்னைத் தனியாக இழுத்துப் போய், "ஒனக்கு அங்க போக ஆசையாடி?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை. நான் சிரித்து மழுப்பினேன்.

கேட்பது உன் சுபாவம். நாம் இரண்டு பேரும் பட்டினச்சேரிக்கு மீன் வாங்கப் போவோமே, அங்கே ஒரு படம் எடுப்பதற்குக்கூட நீ கேட்காமல் இருக்க மாட்டாய். "ஒங்கள ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?" என்று குனிந்து நிற்பாய். அந்த மீன்கார அக்கா, "என்னைய எடுத்து என்ன பண்ணப் போற? மீனை எடு, வெல சொல்றேன்" என்றதும் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் படம் எடுக்கவில்லை. வேண்டாம் என்றுதானே அவர் சொன்னார் என்று வரும் வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்படிப்பட்ட நீயா என்று பிறகு பல வருடம் நினைத்து நினைத்துப் பொருமியிருக்கிறேன்.

கல்யாணமாகி நான் தருமபுரத்துக்கு வந்தேன். அவர் பிரான்சுக்குப் போனார். நானும் அங்கே போக விசாப் பேப்பர் வரும், வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவருக்கு ஓட்டல் அடுப்படியிலிருந்து விடுதலை. அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு மதியச் சாப்பாடு என்றால் எனக்குச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை பசியோடு இருந்து, இலை போட்டு, எதிரே சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, அவர் அங்கே சாப்பிட நான் இங்கே சாப்பிடுவேன். இங்கே அப்படிப் பல வீடுகள் உண்டு. அக்கம்பக்கத்தில் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

எனக்கு அது பெருமையாக இல்லை. அதைச் சொல்ல ஆளும் இல்லை. அப்படித்தான், என்னைப் போலக் காத்திருக்கிற பெண்கள் பேஸ்புக்கில் வைத்திருந்த குழுவில் ஒரு பொய்ப் பெயரில் சேர்ந்தேன். வெளியாள் பார்க்க முடியாத குழு. உன் அண்ணியும் அப்படிக் காத்திருந்தவர் என்பதால் நீயும் அதில் இருந்தாய், உன் சொந்தப் பெயரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுப்பில் எழுதினேன்: "சொம்பில் சாய்ந்துகொண்டு அவர் என்னைப் பார்க்கிறார். லைன் அறுந்துபோகிற அன்றைக்குத்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்குகிறது." நிறையப் பேர் கீழே அழுகிற முகம் போட்டிருந்தார்கள். நீ ஒரு இதயம் போட்டிருந்தாய். நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டாய், கண்டும் காணாததுபோல இருக்கிறாய் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். உனக்குத் தெரியவே தெரியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நீ அப்போது இப்படிக் காத்திருக்கிற பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். குழுவில் வருவதை எடுத்து எழுத, அதை நடத்தியவரிடம் அனுமதி வாங்கினாய். அவரும், "எழுதிக்கம்மா, நல்லதுக்குத்தானே" என்றிருக்கிறார். அவர் சம்மதித்தால் எல்லாரும் சம்மதித்த மாதிரி என்று எடுத்துக்கொண்டாய். மீன்கார அக்கா கண்ணெதிரே நின்றார், அவரிடம் கேட்டாய். என் விஷயத்தில் திரையில் இரண்டு வரிதான் இருந்தது. யாரும் நிற்கவில்லை.

உன் கட்டுரை தமிழில் ஒரு இணையதளத்தில் வந்தது. பிரான்சிலேயே வேறு ஊரில் இருக்கும் என் நாத்தனார் கைக்குச் சுற்றிச் சுற்றி அது போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு அவளும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, இதக் கொஞ்சம் கேளுங்களேன்" என்று என் வரியை எனக்கே வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு, "எங்கண்ணனையும் சொம்புலதானே சாச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சோற்றில் கை வைத்தபடி, "நான் இல்லாட்டித்தான் சோறு எறங்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்த ஊரில் அவர் ஒரு மனுஷ முகத்தைப் பார்த்துச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோயிற்று. பேப்பர் வந்தது. "நீ வரணும்னு இல்ல" என்றார். நான் போகவில்லை. வருடத்துக்கு ஒரு தரம் வருகிறார். ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொள்கிறோம்.

யார் சொல்லி நான்தான் என்று உனக்குத் தெரிந்ததோ, மறுநாளே ஓடி வந்தாய். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. வாசலில் வெயிலில் நின்றாய். முகமெல்லாம் வேர்த்து, பேச்சுக் கோர்வையாக வரவில்லை. "பேரை மாத்தினேன், ஊரை மாத்தினேன், வயசை மாத்தினேன்டி. அந்தச் சொம்பு அழகா இருந்துச்சு. அதை மாத்தத் தோணலை" என்றாய்.

அழகாக இருந்ததாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் என்ன செய்யணும் சொல்லு" என்றாய்.

"எழுதினதை எடு. அதோட என்னையும் எடு. ஒன் போன்லேந்து, ஒன் வாயிலேந்து, எல்லாத்துலேந்தும் எடு" என்றேன். கதவைச் சாத்தினேன்.

எடுத்துவிட்டாய். கட்டுரை அன்று மாலையே காணாமல் போயிற்று. ஆராய்ச்சியில் அந்தப் பகுதியையே தூக்கிவிட்டு, திரும்ப முதலிலிருந்து செய்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னையும் எடுத்துவிட்டாய். விலகுகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் திரும்பப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்பது உங்கள் ஆராய்ச்சியில் ஒரு விதியாமே. நான் கோபத்தில் சொன்னதை நீ விதியாக எடுத்துக்கொண்டாய். கடைத்தெருவில் ஒரு தரம் எதிரே வந்தாய். நான் பேசுவேனோ என்று ஒரு நொடி நின்றாய். நான் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய்விட்டாய். எனக்கு உன்னைக் கூப்பிடத் தெரியாதா? கூப்பிடவில்லை. இன்றைக்கும் காய்கறிக்கடையில் வெண்டைக்காயைத் தொட்டால் அந்த நொடி வந்து நிற்கிறது.

நீ இறந்துபோன செய்தியையும் பேஸ்புக்கில்தான் பார்த்தேன். யாரோ உன் ஆஸ்பத்திரிப் படத்தைப் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய், முடியெல்லாம் கொட்டி, வாய் கோணி. கீழே கும்பிடுகிற கைகள் வரிசை கட்டி நின்றன. போடலாமா என்று உன்னை ஒருவரும் கேட்கவில்லை. படத்தை எடுங்கள் என்று எழுதினேன். "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று பதில் வந்தது.

போன மாதம் எதிர்வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தாள். காப்பி குடித்துக்கொண்டே தன் கல்லூரிக் கதையைச் சொன்னவள், உன்னிடம் படித்தவள் என்று தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நீ உன் தப்பைத்தான் சொல்வாயாம். "பேரை மாத்தினேன், ஊரை மாத்தினேன், ஒரே ஒரு பொருளை மாத்தாம விட்டேன். அந்தம்மாவோட வாழ்க்கை அதுல மாட்டிக்கிச்சு" என்பாயாம். "என்ன பொருள் மேடம்னு நாங்க கெஞ்சுவோம்க்கா. கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டாங்க" என்றாள். அந்தம்மா நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் இந்த மடலை எழுதி, நாலு பேர் வாசிக்கப் போட வேண்டும் என்று தோன்றியது. எழுதும் முன் அவருக்குப் போன் செய்தேன். "அவளுக்கு ஒரு மடல் எழுதப் போறேன், நம்ம கதையும் அதுல வரும். எழுதட்டுமா?" என்றேன். நான் அவரிடம் எதையும் கேட்டு ரொம்ப நாளாயிருந்தது. "எழுதிக்க. நல்ல பொண்ணு அது. ஆனா அந்தப் பொருளை அப்படியே போட்டுடாத" என்றார்.

அதனால் மாற்றிவிட்டேன். சொம்பு என்று நான் எழுதியிருப்பது சொம்பே இல்லை. புளியும் இல்லை, பித்தளையும் இல்லை. காலையில் என் கையில் இருந்தது என்ன என்று உனக்குத் தெரியும்.

உன் பெயரையும் போடவில்லை. இருந்தாலும் இந்த ஊரில் தெரிகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நீ இருந்தால் முழுதும் வாசித்துக் காட்டி, "போடட்டுமாடி?" என்று கேட்டிருப்பேன். எடு என்று நீ சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். மடலை மட்டும், உன்னை இல்லை.