திருவலைப் பெண்ணின் வயது

செவ்வாய், ஒக்டோபர் 7

புழுக்கம். இடி மட்டும், மழை இல்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒன்றரை மணி நேரம்.

நஸீர் நானாவின் பிரேம் கடை. இராசநாயகம் மாஸ்டர் வரைந்த ‘திருவலைப் பெண்’, தேங்காய் துருவுகிறவளின் படம், பூஞ்சணம் பிடித்துவிட்டது. கண்காட்சிக்கு முன் துடைத்துப் புதுச் சட்டம் போட வேண்டும்.

பின்பக்கத்துப் பத்திரிகைத் தாளைக் கவனமாக உரிக்கச் சொன்னேன். என் ஆய்வேடு நிற்பதே அந்தத் தாளின் தேதியில்தான். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய தாள், எனவே படமும் அப்போதையது. கியூபிசப் படங்கள் அச்சான புத்தகங்கள் கொழும்புக்கு வருமுன்னரே ஒரு சித்திர வாத்தியார் தன் பாட்டில் உருவத்தை உடைத்து அடுக்கினார். இருபது வருடமாக இதைத்தான் படிப்பிக்கிறேன்.

நானாவுக்குச் சிரிப்பு. “புதுப் பேப்பர் ஒட்டினா மை இறங்கும் மிஸ். இது வாப்பாட வேல. பத்துப் பதினஞ்சு வருஷம் பழசத்தான் ஒட்டுவார்.”

அப்படியென்றால் படம் தாளுக்குப் பத்துப் பதினைந்து வருடம் பிந்தியது, புத்தகங்கள் வந்த பிறகு. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

புதன், 8

பாண், பிரஷர் குளிசை, மின்சார பில்.

கண்காட்சிக் கையேட்டுக்கு எழுதிய கட்டுரையை மறுபடி வாசித்தேன். “ஐயத்துக்கு இடமில்லை” என்று எழுதியிருக்கிறேன். மாணவர்கள் அப்படி எழுதினால் வெட்டுகிறவள் நான். ஒரு பிரேம் கடைக்காரரிடம் ஒரு கேள்வி. அதைக் கேட்கத் தோன்றவில்லை.

கண்காட்சி அமைப்பாளருக்கு ஃபோன். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள், விடுங்கள் என்றார். கையேடு வெள்ளி மத்தியானம் அச்சுக்கு.

மாஸ்டரின் மகளிடம் முதலில் சொல்ல வேண்டும்.

வியாழன், 9

மாஸ்டரின் மகள் மனோ அன்ரியின் ஃபிளாட், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை. பிளேன்டீ, பிஸ்கட். ‘கொப்பி அடிக்கிற வாத்தியார்’ என்று தகப்பனை ஊர் சிரித்ததைக் கேட்டு வளர்ந்தவர். என் ஆய்வேடு வந்தபின்தான் அந்தப் பேச்சு நின்றது.

தாளின் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

“அப்பா புத்தகத்தைப் பாத்துத்தான் கீறினவர். நான்தான் அதை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கை உளையுதெண்டு அழுதும் விடேல்லை.”

இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை?

“நீர் கேக்கேல்லை. பெரிய படிப்புப் படிச்ச பிள்ளை, அப்பா ஒருத்தரையும் பாக்கேல்லை எண்டு எழுதினனீர். நான் ஏன் இல்லையெண்டு சொல்லுவான்?”

பார்த்தது குற்றமில்லை என்றேன். புத்தகத்தில் இருந்தது கிதாரும் போத்தலும். மாஸ்டர் போட்டது திருவலைப் பலகை, அதன் இரும்பு நாக்கு, தேங்காய்ப் பாதி, மூன்று பக்கத்திலிருந்து தெரியும் குந்தியிருப்பவளின் முழங்கால். தேங்காய் துருவுகிறவளை மேலிருந்தும் முன்னிருந்தும் ஒரே நேரத்தில் பார்ப்பது அந்த வீட்டுக் குசினியில் நின்றவருக்குத்தான் வரும். இந்தியாவிலும் இங்கேயும் நல்ல கைகள் எல்லாம் அப்படித்தான், பார்த்து எடுத்துத் தன்னுடையதாக்கியவை.

வகுப்பில் கதைப்பது போலக் கதைத்துவிட்டேன்.

“அது உமக்கு விளங்கும். சனத்துக்குப் ‘பாத்துக் கீறினவர்’ எண்டது மட்டும்தான் கேக்கும். அப்பிடியே விடும், பிள்ளை.”

கேட் வரை வந்தார். வழக்கமாக லிஃப்ட் வரை மட்டும்தான்.

வெள்ளி, 10

மழை. காலி வீதி நகரவில்லை. வகுப்பை ரத்துச் செய்தேன்.

நாலு தரம் எழுதி அழித்தேன். கடைசியில்: வருடம் தெரியாது. புத்தகம் முன்னால் இருந்தது. எதை எடுத்தார், எதை விட்டார், எதை வைத்தார். முன்பு நான் சொன்னது பிழை.

11.20க்கு அமைப்பாளருக்கு அனுப்பினேன். உடனே அன்ரிக்கு ஃபோன், வேறு யாரும் சொல்லிக் கேட்கக்கூடாது. முழுதும் கேட்டார். “சரி” என்றார். வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு நஸீர் நானாவின் ஃபோன்.

“மிஸ், அந்த வாத்தியார்ட மகள் த்ரீவீல்ல வந்து நிக்கிறாங்க. படத்தக் கேக்கிறாங்க. கண்காட்சிக்கு இல்லையாம்.”

பின்னால் அன்ரியின் குரல், யாரையோ ஓரமாகப் பிடிக்கச் சொல்லி. அந்தப் படம் இல்லாமல் என் கட்டுரை நிற்காது.

“அவவின்ர படம் நானா. நனையாமல் சுத்திக் குடுங்கோ.”