மேல்காற்று

நாள் 212, 08:00
இக்குறிப்பேட்டைக் கண்டெடுப்பவருக்கு: உள்ளதை உள்ளபடி எழுதுவேன். செய்தவர் பெயரில்லாமல் எந்த வேலையையும் எழுத மாட்டேன். நான் இசக்கி, ஒன்பதாம் வகுப்பு. செவ்வாய்க் கோளில் புதுப்பணகுடி உப்புப் பண்ணையின் சொந்த ஓடுதளத்தில் விடுமுறைக்கு வானொலி வேலை பார்க்கிறேன். விளக்குகளைச் சோதித்தது: இசக்கி. எல்லாம் எரிகின்றன.

11:20
அப்பா உப்பு வயலுக்குப் போனார். போகுமுன் ஓடுதளத்தை இரண்டு முறை கூட்டினார். இன்று விமானத்தில் மருந்து கொண்டுவருவது தாரிணி. வடநகர்ப் பள்ளியில் என் பக்கத்து இருக்கை. விமானிப் பயிற்சிக்கு ஓர் இடம்தான். எழுத்துத் தேர்வில் நான் முதல். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தேன். இடம் அவளுக்குப் போனது.

எனக்காக அப்பா எதையும் இரண்டு முறை கூட்டியதில்லை.

15:05
புழுதி. விளக்குகளை ஏற்றியது: இசக்கி. காற்று மேற்கிலிருந்து, பலமாக. எங்கள் ஊரில் இது மேல்காற்று. கிழக்கிலிருந்து வந்து, காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கோ மேல்காற்று என்றால் உயரத்தில் வீசுவது. போன மாதம் ஒரு விமானி அப்படி நினைத்து, காற்று முதுகில் தள்ள இறங்கி, சக்கரத்தை உடைத்தார். அன்றிலிருந்து அப்பாவின் கட்டளை: "மேக்கேருந்துன்னு சொல்லு."

15:31
தாரிணி: "ஏய் குள்ளச்சி, உங்க ஊரு எனக்குப் புதுசு. கீழ காத்து எப்படி?"
"மேல்காத்துதான்" என்றேன். பொய்யில்லை.
"அப்போ கீழ ஒண்ணுமில்ல. நேரா வரேன்."
அவள் வரும் வழியில் நேராக என்றால் மேற்கிலிருந்து. திருத்த இரண்டு நிமிடம் இருந்தது. மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

15:34
ஓடுதளம் போதவில்லை. கிழக்கு முனையைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்தது.

15:50
தாரிணி: "கை கால் நல்லாத்தான் இருக்கு. உன்மேல தப்பில்லடி, நான்தான் சரியா கேட்டுக்கல. உங்க அப்பாகிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன்."
நல்லவளாக இருப்பதிலும் அவளே முதல்.
"ஆக்சிஜன் முக்கால் மணி நேரத்துக்குத்தான் வரும். புழுதில உன் விளக்கு மட்டும் தெரியுது. அதைப் பாத்தே நடந்து வரேன்."

16:02
வானொலியில் அப்பா: "நான் வந்துசேர ஒரு மணி நேரமாவும். அந்தப் பிள்ளைக்கு அந்த வெளக்குதான் வழி. எரியுதுல்லா?"
எரிகிறது என்றேன். பொய்யில்லை. அப்போது எரிந்தது.
என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

16:10
ஓடுதள விளக்குகள் அணைக்கப்பட்டன.