இடப்பக்கத்துப் பின் டயர்

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் முட்டிவலிக்குக் காட்டிவிட்டு வெளியே வந்தேன். வாடகைக் கார் டிரைவர் ஒரு பாட்டிலிலிருந்து டயருக்கு எதையோ பீய்ச்சித் துடைத்துக்கொண்டிருந்தார். டயர் அப்படியே மின்னியது. நான் குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். "இன்னா ஆயா, டயர தொட்டுப் பாக்குற?" என்று சிரித்தார். "எங்க வூட்டுக்காரரும் டிரைவர்தான்" என்றேன். உங்களை நினைத்துக்கொண்டேன், வேறென்ன.

உங்களுக்கு டயர் மினுக்குவதில் அப்படி ஒரு பைத்தியம். உங்கள் முதலாளியம்மா மதாமின் வெள்ளை அம்பாசிடரை நீங்கள் ஓட்டிய எண்பதுகளில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்கள் சட்டையிலிருந்து பழைய எஞ்சின் ஆயில் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். அந்த ஆயிலைத்தான் டயருக்குப் பூசுவீர்கள். அரை நாள் மின்னும். பிறகு தெருப்புழுதி முழுவதும் அதில் அப்பிக்கொள்ளும். அந்த வண்டியில் பின்கதவு டயரை ஒட்டினாற்போல் இருக்கும். ஏறி இறங்குகிறவர்கள் துணி உரசாமல் தப்ப முடியாது. மதாமின் பேத்திக்கு மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை கொடுத்த அன்று அந்தக் குழந்தையின் வெள்ளை உடுப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு இழுத்துவிட்டது.

நீளமான வெள்ளை அங்கியை மதாம் 'ரோப்' என்றுதான் சொல்வார். "இன்னொரு தரம் ரோப்ல கறை பட்டுது, சாவிய வச்சிட்டுப் போயிக்கினே இரு" என்றார். நான் வேலை பார்த்த மில் அப்போது மூடிக் கிடந்தது. அந்தச் சாவியும் போனால் நம் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

அடுத்த மாதமே மதாமின் மகளுக்குக் கல்யாணம். மில்லில் நூலோடு கிடந்தவள் நான். எண்ணெய்க் கறை வெள்ளையில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் முன்னாலேயே உங்களிடம் சண்டை போட்டு டயர் பக்கம் நானே உட்கார்ந்தேன். சவுக்காரமும் தேங்காய் நாரும் போட்டுப் பழைய எண்ணெயைத் தேய்த்து எடுத்தேன். நன்றாகக் காயவிட்டு, மருந்துக்கடைக் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து மெல்லிசாகப் பூசினேன். ஊறவிட்டு மறுபடி ஒரு கை. கடைசியில் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. கறுப்பு அடக்கமாக, நிதானமாக இருந்தது.

"இது ஒரு மினுக்கா? தூங்கி எழுந்த மூஞ்சி மாதிரி கீது" என்றீர்கள்.

"ஒட்டாது. மூணு நாளைக்கு நிக்கும். அது போதும்" என்றேன்.

கல்யாணத்தன்று பூக்கூடை பிடிக்க மதாம் என்னையும் கூப்பிட்டிருந்தார். பூசை முடிந்து, பெண்ணுக்கு முன்னால் நான் கோயில் படியிறங்கினேன். நம் வண்டியின் இடப்பக்கத்துப் பின் டயர் மட்டும் தனியாக மின்னியது. பக்கத்து வண்டிக்காரர் டயரைப் பார்த்துக் கிண்டலடித்தாராம், டிக்கியில் ஒளித்து வைத்திருந்த ஆயில் டப்பாவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஒரு டயர் முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது.

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றேன். கறுத்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தீர்கள். துடைக்க நேரமில்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது. சுற்றிலும் கூட்டம். பெண் ரோப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் டயரோடு ஒட்டி நின்றேன்.

"ஏம்மா, தள்ளு! பொண்ணு ஏற எடம் வுடு!" என்று மதாம் கத்தினார். எத்தனையோ பேர் பார்த்தார்கள். நான் நகரவில்லை. ரோப் என் முழங்காலை உரசிக்கொண்டு உள்ளே போனது. கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டேன். பின்னால், என் சந்தன நிறப் புடவையில், ஈரமும் சூடும் கெண்டைக்காலில் பட்டன.

மூன்று நாள் நான் உங்களோடு பேசவில்லை. அந்தப் புடவையை நீங்களே துவைத்தீர்கள், நான்கு தரம். கறை போகவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே இல்லை. அதற்காக உங்கள் மேல் வெகுகாலம் கோபம் இருந்தது, இன்றைக்கு ஒளிப்பானேன்.

ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு வண்டி கிளம்புமுன் அந்தப் புடவையோடு வந்து நின்றீர்கள். "இந்தா, இதால நீயே தொடச்சிப் பாரு. அப்புறந்தான் வண்டிய எடுப்பேன்." நான்கு டயரையும் துடைத்துப் பார்த்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கும், ஒவ்வொரு புதுநன்மைக்கும் அப்படியே. நீங்கள் கடைசியாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த நாள் வரைக்கும்.

இன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து விரித்தேன். இழை இழையாகத் தேய்ந்துவிட்டது. அந்தக் கறை அங்கேயே இருக்கிறது. அத்தனை வருஷம் அத்தனை டயரைத் துடைத்த புடவையில், தேடித் தேடிப் பார்த்தேன், இரண்டாவது எண்ணெய்க் கறை ஒன்றுகூட இல்லை.